அந்தக் கொடி யாருடையது

நானா,

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த என் அப்பாவின் இரும்புப் பெட்டியை இன்று திறந்தேன். பாச்சை உருண்டை வாசனையையும் மீறி மண்ணெண்ணெய் நெடி மூக்கில் ஏறியது. அடியில் அந்தக் கொடி. நீலம், வெள்ளை, சிவப்பு. வெள்ளையில் உங்கள் ரத்தம் பழுப்பாகக் காய்ந்திருக்கிறது.

பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன நம் பிரதேசத்தைத் தமிழ்நாட்டோடு இணைக்கப்போகிறார்கள் என்று ஊரே கொந்தளித்த தை மாதம் அது. சர்க்கார் கட்டடங்கள் எரிந்துகொண்டிருந்தன. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா நானும், அண்ணன் முறையில் நான் 'நானா' என்று கூப்பிடும் காவல்காரர் நீங்களும் மட்டும். இணைப்பை எதிர்த்த கூட்டம் தேக்குக் கதவில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டது. ஜன்னல் வழியாக வந்த கல் உங்கள் நெற்றியைப் பிளந்தது. நான் பின்வாசலுக்கு ஓடினேன்.

"ஓடுறதுன்னா ஓடுங்க தம்பி. எங்க வாப்பா மவுத்தானது, ஒங்கப்பா பொறந்தது, எல்லாம் இங்கதான் எழுதிக் கெடக்கு. நான் எங்க போவ?" என்றீர்கள்.

வெட்கமாகப் போயிற்று. இணைப்பு வேண்டாம் என்பவர்கள் மக்களைக் கேட்காமல் எதையும் மாற்றக்கூடாது என்ற பிரெஞ்சு ஒப்பந்தத்தைத்தானே காட்டுகிறார்கள், பிரெஞ்சுக் கொடியைத் தொடமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, அப்பாவின் கொடியைச் சாப்பாட்டுப் பையில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். வழியும் ரத்தத்தைக் கொடியிலேயே துடைத்துக்கொண்டு மாடியேறிக் கட்டினீர்கள். கூட்டத்தில் பாதிப் பேர் பிரெஞ்சுப் பென்ஷன் வீட்டுப் பிள்ளைகள்.

"டேய், நம்ம கொடிடா! நிறுத்துங்கடா!"

பந்தத்தைத் தெருமண்ணில் போட்டு அணைத்தார்கள். அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார்கள்.

பிறகு வந்தது வெளியூர்ப் போலீஸ். கொடியைப் பிடுங்கி, மண்ணெண்ணெய் தேங்கிய வாசலில் எறிந்தார்கள்.

"அன்னியக் கொடிய எவன்டா ஏத்துனது? யாருதுடா இது?"

"என்னுதுதான் சார்."

உங்கள் வலது கையைப் படிக்கட்டில் வைத்து லத்தியால் அடித்தார்கள். எலும்பு உடையும் சத்தம் அலமாரிக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. நானா, நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். போலீஸ் போன பிறகுதான் வாசலில் கிடந்த கொடியைப் பொறுக்கி அப்பாவின் பெட்டியில் ஒளித்துவைத்தேன்.

அந்தக் கை பிறகு நிமிரவேயில்லை. இடது கையால் டீ கிளாஸைப் பிடித்தபடி, "கொடி என்னுதாச்சே, ஒங்கப்பா பென்ஷன் எனக்குத்தான் வரணும் தம்பி" என்று என்னைச் சீண்டுவீர்கள். நானும் சிரித்துவைப்பேன்.

எட்டு வருஷம் கழித்து உங்கள் மகன் உங்கள் மவுத்தைப் பதிய வந்தான். எரியாமல் தப்பிய அதே அலுவலகத்தில், நான்தான் எழுதினேன். "வாப்பா கையி எப்புடி ஒடஞ்சிச்சு மாமா? கேட்டா சொல்லவே மாட்டாஹ" என்றான்.

தெரியாது என்றேன்.

நாளை இந்தக் கொடியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகிறேன். யாருது என்று அவன் கேட்பான்.