கைப்பிடியில் இருந்த மின்சாரம்

ஜூன் 11, 2025, புதன்

நாமக்கல் பட்டறையிலிருந்து வண்டி வந்துவிட்டது. லாரிக்குப் பாடி கட்டுகிறவர்கள் கட்டிய வீடு. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகலாம். இரண்டு கட்டில், அடுப்பு, ஏ.சி., உட்காரும் கக்கூஸ். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு என் வீட்டுக்காரர் வெளியூர் என்றாலே பயந்தது அந்தக் கடைசி ஒன்றுக்காகத்தான். ஆடிப் பதினெட்டுக்குக் குலதெய்வக் கோயிலில் பொங்கல். இந்த வருடம் இவரும் வரலாம்.

வயரிங் செய்த மாதையன் எல்லாம் காட்டினார். வண்டிக்குள் இரண்டு வகை மின்சாரம். விளக்கும் சின்ன விசிறியும் பேட்டரியில் ஓடும். ஏ.சி.க்கும் பிரிட்ஜுக்கும் போகிற இடத்தில் யார் வீட்டிலாவது பிளக் சொருக வேண்டும். இவருடைய அக்கா மாரக்காள் அண்ணிக்கு, "ஒண்ணு குடத்துத் தண்ணி, ஒண்ணு ஆத்துத் தண்ணி" என்று விளக்கினேன்.

"ரெண்டும் தண்ணிதானே சாமி" என்றார் அண்ணி.

ஷாக் அடித்தால் தானே விழும் சுவிட்ச் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினேன், டப்பென்று விழுந்தது. கதவில் டெஸ்டர் வைத்தேன், எரியவில்லை. பயமில்லை என்றேன். முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தியவள் சொன்னால் இந்த வீட்டில் மறுபேச்சு இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஈரோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வெள்ளோட்டமாகப் பள்ளிபாளையத்தில் உறவினர் வீட்டுக்குப் போனோம். வாசலில் வண்டியை நிறுத்தி, அவர்கள் வீட்டிலிருந்து கரன்ட் எடுத்தோம். அண்ணி ஆற்றில் குளித்துவிட்டு ஈரப்புடவையோடு, வெறுங்காலோடு வந்தார். படியேற இரும்புக் கைப்பிடியைப் பிடித்தார். பிடித்த கை விடவில்லை. சத்தம்கூட வரவில்லை.

நான் உள்ளேதான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். எவர்சில்வர் தொட்டியில் என் கை இருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை! எப்படித் தெரியும், நான்தான் மண்ணைத் தொடவில்லையே.

வெளியே நாற்காலியில் இருந்த இவர்தான் பார்த்தார். நல்ல வேளை, அக்காவைத் தொடவில்லை. நொண்டிக்கொண்டே போய்ச் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார்.

இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். உள்ளங்கை வெந்திருக்கிறது.

ஜூன் 23, திங்கள்

அண்ணி கண் விழித்துக் கேட்ட முதல் வார்த்தை: "நீ பாத்துட்டேன்னுதானே சொன்னே?"

ஜூன் 26, வியாழன்

அண்ணியை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். மாதையனை வரச் சொன்னேன். வரும்போதே சண்டைக்குத் தயாராக வந்தார்.

"ஏனுங்க டீச்சர், இருவத்தஞ்சு வருசமா லாரி, போர் போடற ரிக்கு எல்லாத்துக்கும் ஒயரிங் பண்றேன். பாடிதானுங்க எர்த்து. ஒருத்தன் செத்தானா?"

லாரியில் அது சரிதான். பேட்டரியிலிருந்து ஒரு கம்பி போனால் போதும். திரும்பி வர இரும்பு உடம்பே வழி. அந்தப் பழக்கத்தில் வீட்டு மின்சாரத்தின் நியூட்ரலையும் பாடியோடு முடிச்சுப் போட்டிருக்கிறார். பாடிதான் இருக்கிறதே என்று எர்த்துக்கான மூன்றாவது கம்பியே இல்லாத ஒயர், இரண்டு முள் பிளக். அதை எப்படி வேண்டுமானாலும் திருப்பிச் சொருகலாம். எங்கள் வீட்டில் நேராக விழுந்தது. பள்ளிபாளையத்தில் தலைகீழாக விழுந்து, கரன்ட் வரும் பேஸ் கம்பி பாடிக்குப் போய்விட்டது.

சுவிட்ச் ஏன் விழவில்லை? அது பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் மாதிரி. உள்ளே போன பிள்ளைகளும் வெளியே வந்த பிள்ளைகளும் சரியா என்று எண்ணும். பாடிக்கான கம்பி அந்த சுவிட்சுக்கு முன்பே பிரிகிறது. வாசலுக்கே வராத பிள்ளையை வாட்ச்மேன் எப்படி எண்ணுவார்?

சொன்னால் நம்பவில்லை. ஈர மண்ணில் ஒரு கம்பியை அடித்து, அதற்கும் கதவுக்கும் நடுவே ஒரு பல்பை மாட்டினேன். பிளக்கைச் சொருகச் சொன்னேன், எரியவில்லை. "பாத்தீங்களா" என்றார். திருப்பிச் சொருகச் சொன்னேன்.

பல்பு பளிச்சென்று எரிந்தது. மாதையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இதே மாதிரி இன்னும் மூணு வண்டி குடுத்திருக்கேனுங்க. ரிக்குப் பசங்க படுக்கற வண்டி."

"இப்பவே கூப்பிடுங்க. வெளிக் கரன்ட்டைப் பிடுங்கச் சொல்லுங்க." மூன்று பேரிடமும் பேசி முடிக்கும்வரை அவரை எழுந்திருக்க விடவில்லை.

அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? திருப்பிச் சொருகிப் பார்க்காதவள் நான்தானே.

ஜூலை 5, சனி

மாதையன் முழுவதும் மாற்றிவிட்டார். பாடியில் போட்ட முடிச்சை அவிழ்த்தாயிற்று. மூன்று கம்பி ஒயர், மூன்று முள் பிளக். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அண்ணி வண்டிக்குப் பத்தடி தள்ளியே நடக்கிறார். "நான் கோயில் மண்டபத்துலயே படுத்துக்கறேன்." உடனே இவர், "அக்கா ஏறாத வண்டி எனக்கெதுக்கு? வித்துப்போடு."

ஜூலை 31, வியாழன்

இன்று சொல்லிவிட்டேன். "ஒரு பக்கம்தான் சொருகிப் பாத்தேன் அண்ணி. தப்பு என்னுதுதான்."

அண்ணி உள்ளங்கைத் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "டீச்சரம்மாளும் பெயிலாவாங்களா?" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடி 18

கோயிலில் எழுபது பேர். குழந்தைகள் நனைந்த உடம்போடு வண்டியைச் சுற்றி ஓடுகிறார்கள். மண்டபத்துச் சுவரில் பிளக் பாயிண்ட் இருந்தது. இவர் ஒயரைச் சொருகப் போனார். தடுத்துவிட்டு, முதலில் டெஸ்டரை வைத்தேன்.

எர்த் ஓட்டையில் எரிந்தது.

எரியவே கூடாத ஓட்டை. சொருகியிருந்தால் நாங்கள் புதிதாகப் போட்ட மூன்றாவது கம்பியே கரன்ட்டைக் கதவுக்குக் கொண்டு வந்திருக்கும். மாதையனுக்குப் போன் போட்டேன். "சொருவீராதீங்க டீச்சர்!" என்று கத்தினார். பூசாரியிடம் சொல்லி அந்த லைனின் பியூசைப் பிடுங்க வைத்தேன்.

ஏ.சி. இல்லை, பிரிட்ஜ் இல்லை. வாங்கி வைத்த ஐஸ்கிரீம் பாயசமாகிவிட்டது. "இதுக்கா இத்தனை லட்சம் போட்டு வண்டி கட்டுனீங்க?" என்று கொழுந்தனார் கேட்டார். "படிச்ச பொம்பளைகிட்ட மாட்டுனா இப்படித்தான்" என்று இன்னொரு குரல். பெயில் மார்க்கே போட்டுக்கொள்ளட்டும். இவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பேட்டரி விசிறிக்கு அடியில் படுத்துவிட்டார்.

அண்ணி சற்றுத் தள்ளி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் படையல் முடிந்து வந்து பார்க்கிறேன்: வண்டிக் கதவின் மேல், ஆற்றில் நனைத்துப் பிழிந்த அண்ணியின் மஞ்சள் புடவை காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே, தம்பியின் கட்டிலுக்கு எதிர்க் கட்டிலில், குறட்டை.