பேர் கூப்பிடும் பாட்டு

மார்கழி 18, வெள்ளி. பனி. மூக்கடைப்பு.

இதைப் படிக்கும் பாக்கியம் எனக்கு ஒருவனுக்கே. இருந்தாலும் சபையோர் அறியச் சத்தியம் செய்கிறேன்: இந்த வாரக் கதையை ஒருவரும் நம்பப் போவதில்லை. நானே நம்புவதாக இல்லை.

நொச்சிக்குப்பம் கானா கோஷ்டிக்கு மயிலாப்பூர் சபாவில் அழைப்பு. டோலக், அடியேன். தென்னிந்தியாவின் ஒரே டோலக். மற்றவை தகர டப்பா. பாடுவது அக்கா மகள் அமுதா. மீன் விற்கிற குரல். அவள் "வஞ்சிரம்" என்று கூவினால் இலங்கையில் ஒருவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவான்.

பொங்கலுக்குப் பிறகு ரோட்டோரத்தில் மீன் கூடை வைக்கக் கூடாதாம். அமுதாவுக்கும் இடம் போகிறது. அந்தக் கடைகளுக்கு அவள் கட்டியது ஒரு சாவுப் பாட்டு. எங்கள் வழக்கப்படி, சாவு வீட்டில் பாடும்போது உறவுக்காரர் பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும். பேருக்குரியவர் கூட்டத்திலிருந்து "கீறேன்", அதாவது இங்கே இருக்கிறேன், என்று குரல் கொடுத்த பிறகுதான் அடுத்த அடி. இந்தப் பாட்டில் கூப்பிடுவது மீன்காரப் பெண்களை.

"அங்க பெரிய மன்சனுங்க வருவாங்க மாமா. கேட்டா நம்மளுக்காக ஒரு வார்த்த பேச மாட்டாங்களா?"

டோலக் கயிறு இறுக்கினேன்.

மார்கழி 19, சனி.

வாங்க: தைலம், வெள்ளைச் சட்டைக்குப் பட்டன்.

சபாவில் ஒத்திகை. செயலாளர் காபி கொடுத்தார். எறும்பு குளித்தால் இடுப்பு நனையாது.

"பிரமாதம்மா. உங்களுக்கெல்லாம் ரத்தத்துலயே இருக்கு. அந்த ரோடு, கடை எடுக்கறது, அது மட்டும் வேண்டாமே. சங்கீதத்துல பாலிடிக்ஸ் எதுக்கு?"

"அத்த எட்த்துட்டா பேருதான் சார் மிச்சம்."

"பேர் இருக்கட்டுமே. ராகமாலிகை மாதிரி அழகா இருக்கு."

பாடுகிறவர்களுக்கு மட்டும்தான் பாஸ். குப்பத்துப் பெண்களும் வர வேண்டும் என்றாள் அமுதா. பாட்டுக்குப் பதில் சொல்ல அவர்கள் வேண்டும் என்றும் சொன்னாள். "சீட் ஃபுல்மா." தலையாட்டிவிட்டாள்.

எனக்கு வயிற்றெரிச்சல். புகை கோடம்பாக்கம் வரை போய் ஒரு ஷூட்டிங் நின்றதாகக் கேள்வி.

மார்கழி 20, ஞாயிறு. வெளியே மேகம், உள்ளே ஏசி. மூக்கு மோசம்.

அரங்கம் நிறைய பட்டுப்புடவை. ரோடு, கடை வரும் அடிகளை விட்டுவிட்டு அமுதா நன்றாகவே பாடினாள். "கன்னியம்மா" என்று கூப்பிட்டு நிறுத்தினாள். நானும் டோலக்கை நிறுத்தினேன். பதில் வர வேண்டிய இடம். அந்த இடத்தில் சபை "ஆஹா" என்றது.

"மேரி." ஆஹா.

"அஞ்சலை." ஆஹா. ஒருவர் தொடையில் தாளம்.

முன்வரிசையில் ஒரு கண்ணாடிக்காரர், ஞாயிறு தவறாமல் கன்னியம்மாவிடம் சங்கரா மீன் வாங்குகிறவர். இன்று காலையும் வாங்கினார், செதில் சரியாக எடுக்கவில்லை என்று சண்டை வேறு. அவரும் ஆஹா.

அப்போது நடந்தது அந்த அற்புதம். குப்பத்துப் பெண்கள் நானூறு பேர் கட்டுமரத்தை லஸ் வழியாகத் துடுப்புப் போட்டு வந்து "கீறேன்" என்று ஒரே குரலில் முழங்கினார்கள். சபாவின் கூரை பறந்து ஆழ்வார்பேட்டையில் இறங்கியது. செயலாளர் மூர்ச்சை. ரோட்டோரம் முழுவதையும் எங்களுக்கே எழுதிக் கொடுத்தார்கள்.

மார்கழி 21, திங்கள். வெயில்.

செயலாளர் வீடியோ அனுப்பியிருக்கிறார். பேர்கள் எல்லாம் கட். நீளமாகப் போய்விட்டதாம். அமுதா என் போனில் முழுசும் பார்த்தாள்.

"நல்லாத்தான் எட்த்துகீறாங்க மாமா. யாரு செத்தாங்கன்னுதான் தெர்ல."

"உன் குரலு நல்லா வந்துகீது கண்ணு."

"குரல வெச்சி இன்னா பண்றது? மீனு எங்க வெக்கிறது?"

காலையில் ரோட்டை அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கோடு அவள் கூடைக்கு நடுவில் போகிறது. அவள் கூடையை நகர்த்தவில்லை. கோட்டின் மேலேயே வைத்து விற்றாள்.

நேற்று எழுதியதில் கட்டுமரம் பொய். கூரை பொய். மூர்ச்சை பொய். நானூறு பேரும் இல்லை. மேரி ஒருத்திதான், சபா வாசலில் வாட்ச்மேன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் தன் பேர் கேட்டதும் "இங்கதான்டி கீறேன்" என்று கத்தினாள். மேடை வரைக்கும் கேட்டது. அது மட்டும் நிஜம்.

உள்ளே சத்தம் வருகிறது என்று கதவைச் சாத்தினார்கள்.