டாக்டரின் ஃபைலில் அம்புக்குறி

அன்புள்ள சரசுக்கண்ணு,

உன் மகள் சுகந்தி வேலைக்குச் சேரப்போகிறாள். பெருமாநல்லூரில் அவள் அப்பாவின் பனியன் கம்பெனியில் இல்லை. இங்கே டவுனில், ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளைச் சரிபார்த்து அடுக்கிவைக்கும் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில்.

உன் வீட்டுக்காரர், நம் மாப்பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை. "பி.காம். படிச்சுப்போட்டு ஆஸ்பத்திரியில பேப்பர் அடுக்கறதுங்களா? நம்ம கம்பெனிய ஆரு பாக்கறது? தாய்மாமன் நீங்க சொன்னாத்தான் கேப்பா, மச்சான்" என்று என்னை அனுப்பினார். பத்திரிகை நிருபராக இருந்தவன், நேரில் பார்க்காமல் எதையும் சொல்லிப் பழக்கமில்லையே எனக்கு. அவள் வேலை பழகிக்கொண்டிருந்த அறைக்கே போய் உட்கார்ந்தேன்.

ஒரு டாக்டர் ஃபைலோடு உள்ளே வந்தார். அதில் அங்கங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்கள். பனியனில் ஓட்டையோ கறையோ இருந்தால் செக்கிங்கில் ஒட்டுவார்களே, அதேதான். கையெழுத்தும் மருந்தின் அளவும் விட்டுப்போன இடங்களில் சுகந்தி ஒட்டியிருந்தாள்.

"ஏம்மா, என்னையே கழிச்ச பீஸ் மாதிரி செகண்ட்ஸ்ல தள்ளிட்டியா?"

"இல்லீங்க டாக்டர், ஆல்டர்தானுங்க. சரி பண்ணிக் குடுத்தீங்கன்னா பாஸுங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டே, நின்றபடி எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"இங்கயும் செக்கிங்தானா, கண்ணு?" என்றேன்.

"ஆமாங்க மாமா. அங்க விட்டுப்போனா பீஸ் திரும்பி வருமுங்க. இங்க அந்த ஆளே திரும்பி வர்றப்ப, போன தடவ என்ன மருந்து குடுத்தாங்கன்னு தெரியோணுமில்லீங்களா?"

நீ எங்களைவிட்டுப் போவதற்கு முந்தைய நாட்கள் ஞாபகம் வந்தன. ரிப்போர்ட்டுகளைப் பனியன் பாலிகவரில் போட்டு மடியில் வைத்திருப்பாய். ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் நோயின் கதையை முதலிலிருந்து சொல்லுவாய். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் இவள். அதனால்தான் இந்த வேலையா?

மாப்பிள்ளையிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். "டாக்டரையே ஆல்டர்ல போட்டுட்டாளா!" என்று வெகுநேரம் சிரித்தார். மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் வந்து ஒரு பெட்டியை நீட்டினார். உள்ளே கம்பெனியின் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ரோல்கள்.

"சேர்ற அன்னிக்கு அவகிட்டக் குடுத்துருங்க மச்சான். நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

திங்கட்கிழமை சேருகிறாள். இந்த வேலைக்கான டிப்ளமோவும் கூடவே படிக்கப்போகிறாள். முதல் நாள் நானே கூட்டிப்போய் விடுகிறேன், சரசு. பெட்டியைக் கொடுத்ததும், யார் தந்தது என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிடுவேன். இத்தனை வருடம் செய்தி எழுதியவன், இதையா மறைப்பேன்?

சுகந்தியின் தாய்மாமன்,
உன் அண்ணன்.