கோயில் கம்ப்யூட்டரில் சொன்ன கவுளி

என் கண்ணான தம்பி கதிர்வேலுக்கு,

அன்று கோயில் அலுவலகத்தில் இருந்தவர்கள்: தலைவர் சென்னியப்பன், பூசாரி, மருதாள், கணக்கு எழுதும் நான். எங்களை விட்டுப் போய் ஒரு வருடமான நீயும் அங்கே இருந்தாய் என்பது அப்போது தெரியாது.

மருதாளின் அப்பா தலைவரின் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர். அவள் இன்று பம்பு கம்பெனியில் சூப்பர்வைசர். மகள் கல்யாணத்துக்குக் கோயில் மண்டபம் கேட்டு வந்திருந்தாள். அவர்கள் சனத்துக்கு இதுவரை கொடுத்ததில்லை. தலைவர் விட்டத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கவுளி சொன்னது.

"கேட்டீங்களா அம்மணி? கவுளி தடுக்குது. அம்மனுக்கே இஷ்டமில்லீங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்றார் தலைவர்.

"குடுக்கச் சொல்லிக்கூடச் சொல்லீருக்குமுங்க. பல்லி பாஷை உங்களுக்கு மட்டும் எப்படீங்க வெளங்குச்சு?" என்று கேட்டுவிட்டு மருதாள் எழுந்து போனாள்.

மறுநாள் கம்ப்யூட்டரில் மண்டபத் தேதிகளைத் திறந்து வைத்துவிட்டு விளக்குப் போடப் போனேன். திரும்பி வந்தால் அதே சத்தம். சுவரில் இல்லை, நீ எழுதித் தந்த சாப்ட்வேரில்! திரையில் ஒரு பல்லி ஓடியது. கீழே ஒரு வரி: "அக்கா, தூங்கிட்டியா?"

கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் அது வரும்படி வைத்திருக்கிறாய். எழுந்தால் கம்ப்யூட்டரை அணைத்துவிடுவது என் வழக்கம். அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை. முந்தின நாள், மருதாள் கேட்ட தேதியைப் பார்க்கத் திறந்து, தொடாமல் விட்டிருந்தேன். கவுளி சொன்னபோது நான் பார்த்தது திரையை அல்ல, மருதாளின் முகத்தை.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிறகு கோபம்தான். வேலை செய்கிற இடத்தில் எதற்கடா ஒளித்து வைத்த விளையாட்டு? என்னைக் கேலி செய்ய வீட்டில் இடமா இல்லை? அம்மனுக்குப் படைக்கும் சர்க்கரைப் பொங்கலில் வேடிக்கைக்காக யாராவது மிளகாயை ஒளிப்பார்களா? அது யார் வாயில் அகப்படும் என்று ஒளித்தவனுக்குத் தெரியுமா?

தலைவரிடம் உண்மையைச் சொன்னேன். "செத்த பையன் பேரை ஏனுங்க சந்திக்கு இழுக்கறீங்க? உட்டுப்போடுங்க" என்கிறார். உன் பெயரைக் காப்பாற்ற நான் வாயை மூட வேண்டுமாம். அவர் மனதில் இருந்த 'இல்லை'யை அம்மன் தலையில் போட்டது மட்டும் அப்படியே இருக்கலாமாம்!

மாட்டேன். வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும் எல்லார் முன்னாலும் அதைத் திறந்து, தொடாமல் வைத்துக் காட்டுவேன். உன்னை நினைத்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மருதாளையும் வரச் சொல்லிவிட்டேன்.

வேறு எங்காவது எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாயா? வெள்ளிக்கு முன் பதில் சொல், சாமி. கனவில் வந்து சொன்னாலும் சரி. கவுளியாக மட்டும் சொல்லாதே.

இன்னும் உன்னைத் திட்டிக்கொண்டிருக்கும்
உன் அக்கா