தெருமுக்கில் கேட்காத சத்தம்

ஆவணி 14, சனிக்கிழமை

ஹைபிரிட் காரை இன்று ஓட்டிப் பார்த்தேன். சின்ன வண்டிதான், எங்கள் நாலு பேருக்குப் போதும். மெதுவாகப் போகும்போது பேட்டரியில் ஓடுகிறது, சத்தமே இல்லை. ஷோரூம்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சிவகாசியிலிருந்து விஸ்வநத்தத்தில் இருக்கும் எங்கள் வீட்டு வாசல் வரை ஓட்டி வந்தேன். என் மனைவி செல்வி சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன்.

வாசலில் வண்டி நின்றதே அவளுக்குத் தெரியவில்லை. அடுப்படிக்குள் போய்க் கூப்பிட்டதும் திடுக்கிட்டுக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"எப்ப வந்தீக? வண்டிச் சத்தமே கேக்கலையே!"

வெளியே வந்து பார்த்தாள். சீட்டைத் தடவினாள், நல்லாயிருக்கு என்றாள். ஷோரூம்காரர் போன பிறகுதான் மெதுவாக ஆரம்பித்தாள்.

"சாயங்காலம் தெருமுக்குல ஒங்க பைக் சத்தம் கேட்டாத்தான் தோசைக்கல்ல அடுப்புல வப்பேன். எங்கனயாவது வெடிச்ச அன்னைக்கு மட்டுமில்ல, தெனமும்."

பட்டாசுக் கம்பெனியில் பதினேழு வருடமாக ஃபோர்மேனாக இருக்கிறேன். ஒருநாள்கூட அவள் இதைச் சொன்னதில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று இப்போதும் தெரியவில்லை.

"தெருமுக்குக்கு வந்ததும் ஆரன் அடிக்கேன், போதுமா?" என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை. "ஆரன் யாரு வேணாலும் அடிப்பாக" என்றாள்.

நாளை பத்து மணிக்குள் ஷோரூமுக்குப் பதில் சொல்ல வேண்டும். செல்விக்கே இன்னும் பதில் சொல்லவில்லை.