தாழ்ப்பாள் பக்கம்

பாளையங்கோட்டை
9.6.2024

அன்புள்ள காளீஸ்வரிக்கு, அத்தான் எழுதுவது.

நான் சொகமா இருக்கேன்னு எழுதினா அது பொய். ஜெயிலுக்குள்ள புழுங்கிச் சாவுதேன். நீயும் நிவேதாவும் சாரல் காத்துல நல்லா இருங்க. பிள்ள அப்பாவ கேக்காளா?

இந்த லெட்டர தம்பி அபி கையில குடுத்து விடுதேன். தபால்ல போட்டா ஆபீஸ்ல பிரிச்சுப் படிப்பாங்க. நீயும் அவன்கிட்டயே பதில் குடுத்து விடு.

விசயம் இதுதான். அடுத்த மாசம் தென்காசி கோர்ட்டுல நம்ம கேஸ எடுக்காங்க. வக்கீல் சொல்லுதாரு, நம்ம வாசக்கதவு ஒண்ணு போதுமாம் நான் வெளிய வர. பக்கத்து வீட்டு குற்றாலிங்கம் ஆள் கூட்டிட்டு வந்து கதவ வெட்டினான். பொண்டாட்டி பிள்ளையக் காப்பாத்த நான் அருவாள எடுத்தேன். அதுல அவன் வெரலு போச்சு. நீ கூண்டுல ஏறி இதையே சொல்லணும். மாத்திச் சொன்னா எனக்குப் பத்து வருசம். கதவ சாக்குல சுத்தி பத்திரமா வை. ஒரு வெட்டு அழியக்கூடாது.

நீ சொல்லுவ. சொல்லாட்டி என்ன நடக்கும்னு ஒனக்கே தெரியும்.

பிரியமுள்ள அத்தான்,
முத்துச்செல்வம்


மேலகரம்
16.6.2024

அத்தானுக்கு,

உங்க லெட்டர் வந்துச்சு. நாங்க நேரத்துக்குச் சாப்பிடுதோம், நிம்மதியா உறங்குதோம். பிள்ள அப்பாவ கேக்கல. மனசு கஷ்டப்படும்னு பொய் எழுத எனக்கு வரல.

கதவ வச்சிருன்னு சொல்லுதீங்க. கதவு இப்ப கதவா இல்ல. கோவப்படாமப் படிங்க. நீங்க உள்ள போனதும் எங்க அண்ணன் இரும்புக்கதவு போட்டுக் குடுத்துட்டான். பழசு வாசல்ல மழையில நனைஞ்சு கெடந்துச்சு. நம்ம முன்னறைப் பட்டாசல்ல உக்கார நீங்க ஒரு நாற்காலிய முழுசா விட்டு வைக்கலல்லா? ஒண்ணு என் முதுகுல ஒடஞ்சுது, இன்னொண்ணு செவுத்துல. வீட்டுக்கு வந்தவுக தரையில உக்காந்துட்டுப் போறாவ. சாரலுக்குத் தலகாணி, போர்வ எல்லாம் ஈரம் கோத்து நாறுது. உக்காரவும் ஆச்சு, சாமான் வைக்கவும் ஆச்சுன்னு மொபைல்ல வீடியோ பாத்து நானே பெட்டி மாதிரி ஒரு இருக்கை செஞ்சுட்டேன்.

சுத்திவர ப்ளைவுட். ஸ்குரூ எல்லாம் நானே முடுக்கினேன். கதவுப் பலகைய மரக்கடையில அளவா அறுத்து வாங்கி மூடியாக்கி, கீல் போட்டேன். மூடி மேல ஃபோம், அதுக்கு மேல மயில் கழுத்துக் கலர்ல துணி. துணிய விறைப்பா இழுத்து அடிப்பக்கம் பின் அடிக்கணும். மூலை மடிப்பு மட்டும் படியவே மாட்டேன்னுட்டு. பிச்சுப் பிச்சு அடிச்சதுல கட்டவெரல்ல பின் ஏறி ரத்தம். உங்ககிட்ட வாங்கினதுக்கு முன்னால அதெல்லாம் கொசுக்கடி.

வெட்டு உள்ள பக்கத்த மேல வச்சா ஃபோம் மேடும் பள்ளமுமா ஆயிரும். அதனால அத அடியில விட்டுட்டேன். தாழ்ப்பாள் அடிச்ச ஓட்டையும் அந்தப் பக்கம்தான இருக்கு, அதுவும் மறைஞ்சு போச்சு. ஒரு வெட்டும் அழியல. மூடியத் தூக்கினா அப்படியே தெரியும். வக்கீல் வந்து பாத்துக்கிடட்டும்.

கோர்ட்டுல என்ன சொல்லணும்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

இப்படிக்கு,
காளீஸ்வரி


பாளையங்கோட்டை
20.6.2024

ஏட்டி மூதேவி,

யாரக் கேட்டு என் வீட்டுக் கதவுல கை வச்ச? நீ என்ன பெரிய ஆசாரியா?

ஒன் லெட்டர வக்கீல்கிட்ட சொன்னேன். தாழ்ப்பாள் பக்கம் வெட்டுன்னு கேட்டதும் மனுசன் பேனாவ மூடிட்டாரு. "வெளிய இருந்து வந்தவன் எப்படிய்யா கதவோட உள்பக்கத்த வெட்டுவான்?"னு என் மூஞ்சியில கேக்காரு. எனக்கு அது தோணவே இல்ல. போலீஸ்காரன் வெட்ட மட்டும் கிட்டக்க படம் எடுத்துட்டுப் போனான், தாழ்ப்பாள் அதுல விழல. அவனுக்கும் தெரியாது.

இனி அந்தப் பலகை இருக்கக்கூடாது. ஒடஞ்ச கதவ வெறகாக்கி எரிச்சுட்டேன்னு சொல்லு. அபிய பெட்ரோலோட அனுப்புதேன், கொளுத்திட்டு வரட்டும். குறுக்க நின்ன, அந்தப் பெட்டிக்குள்ளயே ஒன்ன மடக்கி வச்சு மூடி மேல ஏறி உக்காந்திருவேன். ஒங்க அண்ணனயும் விடமாட்டேன். குற்றாலிங்கத்த வெரலோட விட்டது என் தப்பு. கழுத்துல போட்டிருக்கணும்.

படிச்சதும் கிழிச்சுப் போடு.

முத்துச்செல்வம்


மேலகரம்
27.6.2024

முத்துச்செல்வத்துக்கு,

புருசன் பேரச் சொன்னா ஆகாதுன்னு இத்தன வருசம் வாயில வராம வச்சிருந்தேன். இப்ப எழுதிட்டேன். ஒண்ணும் ஆகல. இந்த லெட்டர தபால்லதான் போடுதேன். ஜெயில் ஆபீஸ்ல பிரிச்சுப் படிக்கட்டும், அவுகளுக்கும் சேத்துத்தான் எழுதுதேன்.

அபி கேனோட வந்தான். "மதினி, தள்ளி நில்லுங்க. அண்ணன் சொல்லியாச்சு"ன்னான். "கொளுத்துலே. பிள்ள போர்வைய மட்டும் எடுத்துக்கிடுதேன்"னு மூடியத் தூக்கினேன். அவன் கண்ணு அதுல விழுந்துச்சு. குனிஞ்சு வெட்டுக்குள்ள வெரல விட்டுப் பாத்தான். தாழ்ப்பாள் ஓட்டையத் தடவினான்.

"மதினி, இது உள்பக்கம்லா? குற்றாலிங்கம் அண்ணாச்சி வெட்டினாருன்னுலா அண்ணன் சொன்னான்?"

யார்கிட்டயும் சொல்லாதத அவன்கிட்ட சொன்னேன். ஞாயித்துக்கிழம மத்தியானம், கொழம்புல உப்பு கூடிட்டுன்னு கொதிக்கிற சட்டியத் தூக்கிப் பிள்ள பக்கம் எறிஞ்ச. நான் கேட்டதுக்கு அருவாள எடுத்த. பிள்ளைய இடுப்புல இடுக்கிட்டு வெளிய ஓடி, கதவ இழுத்துச் சாத்தி நாதாங்கிய மாட்டினேன். நீ உள்ள நின்னு என் பேரச் சொல்லிச் சொல்லிக் கதவ வெட்டின. பிள்ள என் தோள்லயே மோண்டுட்டா. ஆளும் வரல, கூட்டமும் வரல. நான் அலறுன அலறலக் கேட்டு அண்ணாச்சி மட்டும்தான் சாப்பிட்ட கையோட ஓடி வந்தாரு. எங்க ரெண்டு பேரையும் முதுகுக்குப் பின்னால விட்டு நின்னாரு. கதவு பேந்து விழவும் நீ ஓங்கினது என் கழுத்துக்கு. அவரு கைய நீட்டிட்டாரு. சோத்துப் பருக்க ஒட்டியபடியே அவரு வெரலு வாசப்படியில கெடந்து துடிச்சுது. போலீஸ் கேக்கும்போது ஒனக்குப் பயந்து நான் ஊமையாட்டம் நின்னேன்.

அபி அந்த இருக்கையிலயே உக்காந்துட்டான். "அண்ணாச்சிய முடிச்சிருலேன்னு அண்ணன் எங்கிட்ட சொன்னானே மதினி. நானும் சரின்னுலா சொன்னேன்"னு தலையில தலையில அடிச்சுக்கிட்டான். கேனத் தூக்கிட்டு வந்த வழியே போயிட்டான். இனி ஒன்னப் பாக்க வரமாட்டானாம். சொல்லச் சொன்னான்.

நேத்து பிள்ளையையும் கூட்டிக்கிட்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். ஜோதிலட்சுமி அக்கா அண்ணாச்சிக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்தா. வாசல்ல நின்னு, "அக்கா, கோர்ட்டுல உள்ளதச் சொல்லப் போறேன். அந்த மூடியையும் கழட்டிக் குடுத்துட்டு வரப் போறேன்"னேன். தட்ட வச்சுட்டு எந்திரிச்சு வந்தா. "இம்புட்டு நாளா ஒன் வாயில என்னட்டி வச்சிருந்த"ன்னு பொறி கலங்குத மாதிரி ஒரு அறை. அண்ணாச்சி, "விடு புள்ள, பிள்ள பாக்குது"ன்னாரு. ஒங்கிட்ட எத்தனையோ அடி வாங்கியிருக்கேன். அழ வச்ச அடி இது ஒண்ணுதான். ஏன்னா இது எனக்கு வேண்டிய அடி.

கோர்ட்டுக்கு அக்காவும் நானும் ஒரே ஆட்டோவுலதான் போறோம்.

காளீஸ்வரி