வெள்ளித் தண்ணீருக்கு எரிந்த பச்சை விளக்கு

மாப்ள,

நேற்று முற்பகல் உன் மனைவி காளவாசலில் என் ரிப்பேர் கடைக்கு வந்தாள். நீ போன பிறகு தங்கச்சி அந்தப் படி ஏறுவது இதுதான் முதல் தடவை. கையில் மஞ்சள் பை. அதற்குள், தண்ணீரில் வெள்ளியை இறக்கி மருந்தாக்கும் என்று நம்பி நீ வாங்கிய வெள்ளித் தண்ணீர் மெஷின். "இத வீட்ல வச்சிருக்க மனசில்லண்ணே. நீங்களே வச்சுக்கங்க" என்று மேசைமேல் வைத்தாள். டீ சொல்கிறேன் என்றேன், வேண்டாம் என்று போய்விட்டாள். அவளுக்கு விஷயம் தெரியுமோ என்று அப்போதிருந்து எனக்குச் சந்தேகம்.

மூடியைத் திறந்தேன். இரண்டு வெள்ளிக் கம்பிகளும் கறுத்துப்போய்த் தொங்கின.

நீ இதைக் கொண்டுவந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? ஏதோ கல்யாண மண்டபத்தில் கூட்டம் கூட்டி விற்றிருக்கிறார்கள். டை கட்டிய ஒருவன் சொன்னதை அப்படியே என்னிடம் ஒப்பித்தாய்.

"இருபத்தேழு வோல்ட்டு மாப்ள. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. அந்தக் கரண்டு வெள்ளியோட தண்ணிக்குள்ள எறங்கி அப்படியே நின்னுக்கிருமாம். கிருமி மேல பட்டா ஷாக்கடிச்சுச் செத்துப்போகும்."

"குடிக்கிற ஒனக்கு அடிக்காதாடா?"

"அது கிருமிக்கு மட்டுந்தான்யா!"

முப்பது வருடமாக மோட்டாரும் மிக்சியும் பிரித்துப் போடுகிறவன் நான். ஆள் பார்த்து அடிக்கிற கரண்டை எங்கேயும் பார்த்ததில்லை. பெட்டியைத் திறந்து மீட்டர் வைத்தேன். இருபத்திரண்டைத் தாண்டவில்லை. "ஒம் மீட்டரு பழசு" என்றாய். தண்ணீரில் வேண்டிய அளவு வெள்ளி இறங்கியதும் பச்சை விளக்கு எரியும் என்று சொல்லி விற்றிருந்தான். எனக்கு அதில்தான் ரொம்பச் சந்தேகம். வெள்ளிக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, டீக்கடையிலிருந்து வாங்கிவந்த இரண்டு எவர்சில்வர் ஸ்பூன்களை மாட்டினேன். தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு. பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. தண்ணீரில் கரண்டு ஓடினால் எரியும் விளக்கு அது, அவ்வளவுதான். வெள்ளியைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

நீ குனிந்து ஸ்பூனைப் பார்த்தாய். பிறகு, "ஸ்பூன்லயும் கொஞ்சம் வெள்ளி கலந்திருப்பான் மாப்ள" என்றாயே! வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் அன்றைக்குச் சிரித்திருக்கக் கூடாது.

அவனியாபுரத்தில் உன் வீட்டுக்கு வந்தபோது அந்தப் பாட்டில்களை மரப்பலகைமேல் அடுக்கியிருந்தாய். தரையில் வைத்தால் கரண்டு எர்த்தில் இறங்கிவிடுமாம். ஃபிரிட்ஜ் மேல் வைத்ததற்குத் தங்கச்சிக்கு அம்புட்டுத் திட்டு. கண்ணாடிப் பாட்டிலுக்கு எர்த் எங்கிருந்தடா வந்தது என்று கேட்டேன். "ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்றாய்.

அப்புறம் அந்த முள். மாட்டுத்தாவணியில் உன் பூக்கடையில் ரோஜாக் கட்டுப் பிரிக்கும்போது கீழே விழுந்ததை மிதித்துவிட்டாய், செருப்பையும் தாண்டிக் குதிகாலில் ஏறிவிட்டது. சர்க்கரை உள்ள கால். ஆஸ்பத்திரிக்குப் போ என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டோம். நீ காலையும் மாலையும் வெள்ளித் தண்ணீரால் புண்ணைக் கழுவினாய், அதையே குடித்தாய். அந்தச் சமயத்தில் மெஷின் நின்றுபோயிற்று. நொண்டிக்கொண்டே அதைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாய்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உள்ளே ஒரு ஒயர் விட்டிருந்தது, வேறொன்றுமில்லை. "போயிருச்சு மாப்ள, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சோம்பலாக இருந்தால் ஊரான் மிக்சிக்கெல்லாம் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் வாய் வரவில்லை. "நீ கைவச்சாத்தான் எனக்கு நம்பிக்கை" என்று எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாய். முடியாது என்றால் கோபித்துக்கொள்வாயோ என்றும் பயம். ஒயரைச் சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். கம்பெனிக்காரன் செய்ததைவிட நன்றாகவே செய்தேன், பாவி. பச்சை விளக்கு எரிந்தது. உன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "வாரேன் மாப்ள" என்று போனாய்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, "இம்புட்டு நாள் என்ன பண்ணீங்க?" என்று டாக்டர் கேட்டார். தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த மெஷின் உன்னைக் கொல்லவில்லை, புண்தான் கொன்றது என்று மனதுக்குச் சொல்லிப் பார்க்கிறேன். அது ஓடாமல் கிடந்திருந்தால் நீ வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாய் என்று மனது திருப்பிச் சொல்கிறது. வோல்ட்டைச் சந்தேகப்பட்டேன், விளக்கைச் சந்தேகப்பட்டேன், டை கட்டியவனைச் சந்தேகப்பட்டேன். நீ நம்பியது என் கையை என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

தங்கச்சி போன பிறகு கதவைச் சாத்திவிட்டு மெஷினை பிளக்கில் செருகினேன். அதே மாதிரி இரண்டு ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. தானாகவே கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். பச்சை விளக்கு எரிந்தது. நான் பற்றவைத்த ஒயரைப் பிடித்து இழுத்தேன். இன்னும் பலமாக இழுத்தேன்.

விடவில்லை, மாப்ள. அவ்வளவு உறுதியாக வைத்திருக்கிறேன்.